முகம் பார்க்காத சாட்சி

அத்தியாயம் 7

"கயிறு கொஞ்சம் லட்சணமா இருக்கட்டும். நாளைக்குக் காலையில கூட்டம் நிறைய வரும்" என்று அரண்மனை அதிகாரி ஆளை விரட்டிக்கொண்டிருந்தார்.

மர்டோ மன்னரின் ஆட்சியில் பாலம் கட்டினால் இடியும், படை கிளம்பினால் வழி தவறும். தூக்கு மட்டும் சொன்ன நேரத்துக்கு நடக்கும். அந்த லட்சணமான கயிற்றில் மாட்டப்போகும் கழுத்தைப் பார்க்கத்தான் நானும் துங்கலும் போய்க்கொண்டிருந்தோம்.

துங்கல் இந்த ஸ்காட்லாந்து ராஜ்ஜியத்தின் சட்டம் சொல்பவர். மன்றத்தில் அவர் வாயால் "தூக்கு" என்று சொன்னால்தான் தூக்கு. ஒல்லியான மனிதர். யோசிக்கும்போது காய்ந்த கடற்பாசியை மென்றுகொண்டிருப்பார், யோசிக்காதபோதும் மெல்லுவார். நான் கெல்லக், அவருடைய எடுபிடி. அதற்கு முன்னால் பாடகன். ஒரு பிரபுவின் மூக்கைப் பற்றிப் பாட்டுக் கட்டினேன். ஊரே பாடியது, பிரபுவின் மாட்டுக்காரன்கூடப் பாடினான். அதன் பிறகு எந்த வீட்டிலும் என் யாழுக்கு இடமில்லை. துங்கல்தான் "வாய் இருக்கு, மூளையும் கொஞ்சம் இருக்கும் போல, வா" என்று சேர்த்துக்கொண்டார்.

கோட்டைக்குப் பின்னால் இருந்த குழிக்குள் எட்டிப்பார்த்தோம். கீழே ஈர வைக்கோலில் ருவாரி உட்கார்ந்திருந்தான். மேற்குத் தீவுப் படகுக்காரன். வெண்ணெயும் கருவாடும் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருப்பான்.

நடந்தது இதுதான். மன்னரின் மகன் ஈவனை ஏழு வயதில் மேற்குத் தீவில் எத்னா என்பவளிடம் வளரக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் கௌரவமான குடும்பத்தில் எவரும் தன் பிள்ளையைத் தானே வளர்ப்பதில்லை. பதினைந்து வயதில் அவன் கடலில் படகு கவிழ்ந்து செத்தான் என்று சேதி வந்தது. உடல் கிடைக்கவில்லை. இப்போது பன்னிரண்டு வருஷம் கழித்து, "நான்தான் ஈவன், அயல்நாட்டுக் கப்பல் ஒன்று என்னைக் காப்பாற்றியது" என்று ஒருவன் வந்து இறங்கியிருக்கிறான். துறையில் கொம்பு ஊதினார்கள். பெண்கள் அழுதார்கள். பாய்மரம் பனியில் மங்கலாகத் தெரிந்த அந்தச் சமயத்தில், கருவாட்டுக் கூடையோடு நின்ற ருவாரி கத்தினான்: "அது ஈவன் இல்ல!"

ருவாரி யார் என்றால், அந்த எத்னாவின் மகன். ஈவனோடு ஒன்றாக வளர்ந்தவன். அரச ரத்தத்தை இல்லை என்று மறுப்பவனுக்குத் தூக்கு என்பது சட்டம். அதைக் கொண்டுவந்தவரும் மர்டோ மன்னர்தான். அவர் ரத்தத்தைப் பற்றி அப்போது ஊரில் நிறையப் பேச்சு இருந்தது.

"தம்பி, ஒரே ஒரு கேள்வி" என்றார் துங்கல், குழியின் விளிம்பில் குந்தி. "நீ கத்தினப்போ படகு எவ்ளோ தூரத்துல இருந்துச்சு?"

"தூரத்துலதான்."

"முகம் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்போ அவன் இல்லைன்னு எப்படிச் சொன்னே?"

ருவாரி வைக்கோலைப் பார்த்தான். "சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தூக்குல போடுங்க, விடுங்க."

"எனக்குத் தெரிஞ்சு தூக்குக்கு இவ்ளோ அவசரப்படற முதல் ஆளு நீதான்" என்றேன். "மத்தவங்க எல்லாம் வயித்து வலின்னாவது ஒரு நாள் தள்ளிப்போடுவாங்க."

அவன் சிரிக்கவில்லை. "எங்க அம்மா வந்தா ஊருக்குத் திருப்பி அனுப்பிடுங்கய்யா. அது இங்க இருக்க வேணாம்."

துங்கல் எழுந்தார். அரண்மனை முழுக்க இதற்கு ஒரே விளக்கம்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்காமலே மறுத்தான், ஆகவே பொறாமைக்காரன். இன்னும் கெட்டிக்காரர்கள், இவனே அன்றைக்கு ஈவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருப்பான், அதனால்தான் அவ்வளவு நிச்சயம் என்றார்கள். இரண்டுக்கும் கயிறு ஒன்றுதான்.

"நீ என்னடா நினைக்கறே?" என்று கேட்டார் துங்கல்.

"முட்டாள்னு நினைக்கறேன்."

"முட்டாள் இல்ல. அவன் எதுக்கோ பயப்படறான். தூக்கைவிடப் பெரிசா ஏதோ ஒண்ணுக்கு."

முற்றத்துக்கு வந்தோம். புது இளவரசர் வெயிலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சால்மன் மீன் தின்றுகொண்டிருந்தார். பார்க்க நன்றாக இருந்தார், நல்ல மயிர், நல்ல பல். நேற்று மன்னரைப் பார்த்ததும் காலில் விழுந்து "அப்பா!" என்று கதறியதில் காவல்காரர்கள்கூட மூக்கைச் சிந்தினார்கள்.

அப்போதுதான் வாசலில் எத்னா நுழைந்தாள். அக்கம்பக்கத்தார் படகு வலித்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். நனைந்த கம்பளி, கையில் ஓட்ஸ் ரொட்டி மூட்டை. நேராக நடந்தாள். பெஞ்சைத் தாண்டினாள், இளவரசரைத் தாண்டினாள், குழி எங்கே என்று ஒருவனிடம் கேட்டாள், போய்விட்டாள்.

"யாரது?" என்றார் இளவரசர், முள்ளைத் துப்பிவிட்டு.

"எத்னா, இளவரசே. உங்கள வளர்த்தவங்க" என்றேன்.

"ஓ! வயசாயிடுச்சு, அடையாளமே தெரியல. பாவம், நனைஞ்சிருக்கு. சாப்பிட ஏதாவது குடுக்கச் சொல்லுங்க. அப்புறமா பாக்கறேன்." மறுபடி மீனுக்குத் திரும்பினார்.

துங்கல் மெல்லுவதை நிறுத்திவிட்டார். அவர் மெல்லாமல் இருந்து நான் பார்த்தது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரு பிஷப் உண்மை பேசியபோது.

"பாத்தியா கெல்லக்?" என்றார் மெதுவாக.

"பாத்தேன். இவன் போலி." எனக்கே உடம்பு எரிந்தது. என்னை வளர்த்தவள் இப்போது வாசலில் வந்து நின்றால், பெற்றவர், ராஜா, பிஷப் எல்லாரையும் மிதித்துக்கொண்டு ஓடுவேன். இந்த நாட்டில் திருடன்கூட அப்படித்தான். "பெத்த தாய்கிட்டயே வளந்த பய. எவன் சொல்லிக்குடுத்தானோ, 'அப்பா'ன்னு அழச் சொல்லிக்குடுத்திருக்கான். அவளை மறந்துட்டான்."

"அது பாதிதான். அவன் திரும்பாதது சரி. அவ ஏன் திரும்பல?"

குழிப் பக்கம் திரும்பிப் போனோம்.

எத்னா குழியின் ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்து ரொட்டியைத் துண்டு துண்டாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள். துங்கல் காவல்காரனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு அவள் எதிரில் குந்தினார்.

"அம்மா, முற்றத்துல உங்க வளர்ப்புப் பிள்ளை உக்காந்திருந்தாரு. செத்துட்டான்னு பன்னெண்டு வருஷமா நெனச்ச பிள்ளை. ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாமே?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க."

"குழி மட்டும் தெரிஞ்சுது."

அவள் இன்னொரு துண்டைப் பிய்த்துக் குழிக்குள் போட்டாள்.

"பொய்யோ நெசமோ, ஓடிப்போய்ப் பாத்திருப்பீங்க. பாத்துட்டுத்தான் இல்லைன்னு திரும்பியிருப்பீங்க. உங்க மகனும் பாக்கல, நீங்களும் பாக்கல. ரெண்டு பேருக்கும் பாக்காமலே தெரிஞ்சிருக்கு." துங்கல் குரலைத் தாழ்த்தினார். "ஈவன் பொணத்தைப் பாத்தவங்களுக்கு அப்படித் தெரியும். ஆனா பொணம் கெடச்சிருந்தா நீங்க மறைச்சிருக்க மாட்டீங்க. ராஜா மகனைப் புனிதத் தீவுல ராஜாக்கள் பக்கத்துல பொதைச்சிருப்பாங்க. உங்க வீட்டுக்கே பெருமை."

"வேற யாருக்குத் தெரியும்?" என்றேன் நான்.

"தினமும் ஈவன் முகத்தைப் பாக்கறவங்களுக்கு." அவர் குழிக்குள் பார்த்தார். "அப்புறம், தண்ணி மொள்ளக் குனிஞ்சா அந்த முகம் தெரியறவனுக்கு."

கீழே ருவாரி எழுந்து நின்றான். "ஐயா, வேணாம்" என்றான்.

எத்னா கையிலிருந்த ரொட்டியைக் கம்பளியில் வைத்தாள். பிறகு பேசினாள்.

"ரெண்டு பசங்க படகுல போனாங்க. ஒருத்தன் கரை ஏறினான். ஏறினவன் இவன். போனவன் என் வயித்துல பொறந்தவன். அவனைப் பாறைக்குப் பக்கத்துல நானே பொதைச்சேன். அந்த வாரந்தான் சேதி வந்துச்சு, மர்டோ தன் சித்தப்பனைக் கொன்னுட்டு ராசாவாயிட்டாருன்னு. செத்த ராசாவோட பசங்களுக்குக் கண்ணைத் தோண்டிட்டாங்கன்னு. சின்னப் பசங்க ஐயா. இவனும் அன்னையிலேருந்து ராசா மகன். நாளைக்கு இன்னொரு ராசா வருவான், இவன் கண்ணைத் தேடுவான். எனக்கு மிஞ்சினது ஒண்ணு. அதுக்கு என் பிள்ளை பேரைக் குடுத்து வீட்டுல வெச்சுக்கிட்டேன். தீவுல நாலஞ்சு குடும்பந்தான், தெரிஞ்சவங்க யாரும் வாய் தொறக்கல."

எத்னா கம்பளியில் உதிர்ந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டாள்.

"நாடே ராசா மகனுக்காக அழுதுச்சு. நானும் ஈவன் ஈவன்னு மாரடிச்சு அழுதேன். என் பிள்ளை ருவாரி பேரைச் சொல்லி ஒரு வாட்டிகூட அழல. உயிரோட இருக்கறவன் பேரைச் சொல்லி எப்படி அழறது?"

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான்தான் சொல்லக் கூடாதுன்னேன். நான் யாருன்னு சொன்னா, ராஜா பிள்ளையை மறைச்சதுக்கு அம்மாவத் தூக்குல போடுவாங்க."

"போடட்டும்!" என்றாள் எத்னா. "ஐயா, மன்றத்துல சொல்லிடுங்க. இவனைக் குழியிலேருந்து மேல ஏத்துங்க, என்னைத் தொங்கவிடுங்க."

"சொன்னா இவனுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? ராஜா நாற்காலி" என்றார் துங்கல். "நீங்க பன்னெண்டு வருஷம் கஷ்டப்பட்டு ஒளிச்சு வெச்ச பிள்ளையை, நான் ஒரு காலையில கத்திக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்தணுமா?" எழுந்து கால் சட்டையைத் தட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருங்க. கெல்லக், வா. ராஜாவைப் பாக்கலாம்."

மர்டோ மன்னர் பல்வலியோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஆட்சியில் இரண்டு போர்கள். ஒன்றில் தோற்றார். இன்னொன்றில் எதிரி வரவேயில்லை. அதை மகத்தான வெற்றி என்று மடத்துத் துறவிகள் எழுதி வைத்தார்கள்.

"யோவ் துங்கல், நாளைக்குத் தீர்ப்பு தயாரா?"

"மகாராஜா, முற்றத்துல மீன் தின்னுட்டிருக்கறவர் உங்க மகன் இல்ல."

மன்னர் கஞ்சியை ஊதினார். "தெரியும்."

நான் இருமினேன்.

"நான்தான்யா புடிச்சிட்டு வந்தேன். டப்ளின்ல தோல் வியாபாரி பையன். பல்லு நல்லா இருந்துச்சு. எல்லாம் நானே சொல்லிக்குடுத்தேன்." அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. "அண்ணன் மகன் ஆங்கஸ் கத்தி தீட்டிக்கிட்டிருக்கான். எனக்கு மகன் இல்லைன்னா அவனுக்கு ஒரு கொலை போதும். மகன் இருந்தா ரெண்டு பண்ணணும். அவன் சோம்பேறி. யோசிப்பான். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வளர்த்தவ முன்னாடி வந்தா, எழுந்திருக்கல. மீன் தின்னாரு."

மன்னரின் முகம் மாறியது. தன்னை வளர்த்தவள் செத்தபோது மூன்று நாள் பட்டினி கிடந்த மனிதர் அவர். "அடச்சே! அதைச் சொல்லிக்குடுக்க மறந்துட்டேனே. யாராவது பாத்தாங்களா?"

"இதுவரைக்கும் நாங்க மட்டும். ஆனா நாளைக்கு மொத்த நாடும் பாக்கும். தன்கூட வளந்தவன் கயிறுல ஆடறான், இளவரசர் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறாரு. ஆங்கஸ் ஆளுங்க கூட்டத்துல இருப்பாங்க. நம்ம ஊர்ல எவனாவது அப்படி நிப்பானா மகாராஜா? ருவாரி கத்தினதை யாரும் நம்பல. நீங்க அவனைத் தொங்கவிட்டா எல்லாரும் நம்புவாங்க."

மன்னர் கரண்டியைக் கீழே வைத்தார். "இப்போ என்ன பண்ணச் சொல்றே?"

"இளவரசர் எத்னா மடியில விழுந்து அழணும். ருவாரி உயிரைக் கேக்கணும். நீங்க குடுக்கணும். அதைவிடப் பெரிய அத்தாட்சி எதுவும் இல்ல."

"அவ ஒத்துப்பாளா?"

"பிள்ளை உயிர் கிடைக்கும்னா எந்த அம்மாவும் ஒத்துப்பா" என்றார் துங்கல், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அன்று மாலை முழுவதும் தோல் வியாபாரி மகனுக்கு அழுகை சொல்லிக்கொடுப்பதே என் வேலையாயிற்று. "கண்ணீர் வரலைன்னா மடியில முகத்தைப் புதைச்சுக்குங்க, யாருக்கும் தெரியாது" என்றேன். "மீன் சாப்பிட்ட வாயைக் கழுவிட்டு வாங்க" என்றும் சொன்னேன்.

மறுநாள் மன்றக் குன்றில் கால் வைக்க இடமில்லை. லட்சணமான கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ருவாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துங்கல் தீர்ப்புச் சொல்ல வாயெடுத்தபோது இளவரசர் பாய்ந்தார். மன்னரைத் தாண்டி, பிஷப்பின் காலை மிதித்து, எத்னாவின் மடியில் தொப்பென்று விழுந்தார். பிஷப்பின் கால் நான் சொல்லிக்கொடுத்தது.

"அம்மா! ருவாரியை விட்டுடச் சொல்லுங்க! அவன் என் உடன்பிறப்பு!"

கூட்டம் மூச்சை அடக்கியது. எத்னாவின் கை அந்த நல்ல மயிருக்கு மேலே ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. அது கீழே இறங்கவில்லை என்றால் ஒரு கயிறு போதாது. துங்கலின் தாடை அசையவில்லை.

கை இறங்கியது. தலையைத் தடவியது. பிறகு அவள் வாய் திறந்தாள்.

"ருவாரி!" என்று அலறினாள். "என் ருவாரி! என் ராசா! என் வயித்துல பொறந்த தங்கமே!"

மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். மகனுக்கு உயிர்ப்பிச்சை கேட்கிறாள் என்று நினைத்து மொத்தக் குன்றும் அவளோடு அழுதது. தூக்குக்காரன் கயிற்றின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மன்னர் மன்னிப்பை அறிவித்தார். அதன் பிறகும் அவள் நிறுத்தவில்லை, அந்தப் பெயரையே சொல்லிச் சொல்லி அழுதாள். பாறைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாகப் படுத்திருக்கிற பையனுக்காக அது என்று தெரிந்தவர்கள் அவளைத் தவிர அங்கே மூன்றே பேர். அதில் நானும் ஒருவன். பிரபு மூக்குக்கெல்லாம் பாட்டுக் கட்டிய நான் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மதியம் அவர்கள் படகு கிளம்பியது. கோட்டைச் சுவரில் மன்னர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ருவாரி எத்னாவைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றிவிட்டு, தோளைச் சாய்த்து நடந்து போய்க் கயிற்றை அவிழ்த்தான்.

"துங்கல்" என்றார் மன்னர். "அந்தப் பய நடக்கறது எங்க அப்பா மாதிரியே இருக்கு."

"படகுல கெடக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் நடப்பாங்க, மகாராஜா."

"ம்." பாய் மறையும் வரை அவர் நகரவில்லை. பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "பல்லு உயிரை எடுக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இளவரசர் ஈவன் எங்களைத் தேடி வந்தார். புதுப் பட்டு, புதுக் கத்தி, ஏகப்பட்ட உற்சாகம்.

"நீதான் பாடகனாமே? எங்க முன்னோர்கள் பெருமையைப் பாடு, கேப்போம்."

"பெரிய பாட்டு இளவரசே. சுருக்கமாச் சொல்லிடறேன். உங்க அப்பாவுக்கு முன்னாடி அவர் சித்தப்பா ராஜா. சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது போனாரு. கத்தி உங்க அப்பாவோடது. அதுக்கு முன்னாடி அந்தச் சித்தப்பாவோட அண்ணன், வேட்டைக்குப் போனாரு, அம்பு தம்பியோடது. அதுக்கு முன்னாடி அவங்க பெரியப்பா, தூக்கத்துல."

"தூக்கத்துலயா? பரவாயில்லையே."

"தலகாணியை அமுக்கினது தம்பி மகன்."

இளவரசரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "யாருமே வயசாகிச் சாகலையா?"

"ஒருத்தர் முயற்சி பண்ணிப் பாத்தாரு. பேரனுக்குப் பொறுமை இல்ல."

"காலையில ஆங்கஸ்னு ஒருத்தர் எனக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு பீப்பாய் மது அனுப்பினாரு."

"குடிச்சீங்களா?"

"இன்னும் இல்ல."

"நல்ல பழக்கம். அப்படியே இருங்க."

அவர் கடலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, பனிதான் இருந்தது. துங்கலின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். நான் இளவரசன் இல்ல. டப்ளின்ல எங்க அப்பா தோல் விக்கறாரு. நாளைக்கே மன்றத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு ஊருக்குப் போயிடறேன்."

துங்கல் பையிலிருந்து ஒரு கடற்பாசித் துண்டை எடுத்தார். நிதானமாகத் தூசி தட்டினார்.

"ஈவன் இளவரசர் இல்லைன்னு சொன்ன ஒருத்தனுக்குத்தான் இன்னைக்குக் காலையில கயிறு கட்டியிருந்தோம்" என்றார். "அவனுக்காவது உயிர்ப்பிச்சை கேக்க ஒரு இளவரசர் இருந்தாரு. உங்களுக்கு யாரு இருக்கா?"